நில்மினி மிஸ்ஸின் தமிழும் அம்மாவின் கால் வலியும்

வத்தேகம
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் கிருஷாந்திக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கிற அளவில் நன்றாக இருக்கிறோம். டோஹாவில் நீயும் மருமகனும் சின்னக்குட்டியும் அந்த வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறோம். தினமும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு இந்த மனுஷன் ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நீ கேட்பாய். அம்மாவுக்கு ஏன் அப்படி ஆனது, எதற்காக ஆஸ்பத்திரியில் வைத்தார்கள் என்று நீயும் எத்தனையோ தரம் கேட்டுவிட்டாய், நான் வாயைத் திறந்தவுடன் அவள் போனைப் பிடுங்கிச் சீலிங்கைக் காட்டிவிட்டு, அதெல்லாம் ஒன்னுமில்ல, சின்னக்குட்டிக்குப் பல்லு மொளச்சிருச்சா என்று கதையை மாற்றிவிடுகிறாள். அடுத்த வீட்டு ராஜலிங்கத்தின் மகன் ரமேஸ் புதுவருஷ லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கே திரும்புகிறான். அவனிடம் கொடுத்துவிடும் மிளகாய்த்தூள், இடியப்ப மா, சின்னக்குட்டிக்கு அம்மா தைத்த கவுன் இவற்றோடு இதையும் செருகிவிடுகிறேன். நீ இருந்து நிதானமாகப் படி.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மருமகனுக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். முந்தின வருஷம் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்களே, அதிலிருந்து அவளுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொலஸ்ட்ரோல் மாத்திரை. அதை நிறுத்தினால் குழாய் திரும்ப அடைக்கும் என்று டொக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். கண்டியில் கிளினிக்குக்கு மாதா மாதம் போவோம். உள்ளே நோயாளிகளை மட்டும்தான் விடுவார்கள், என்னைப் போன்ற துணைக்கு வந்த ஆட்கள் வெளியே மின்விசிறி ஓடாத வராந்தாவில் நிற்க வேண்டும். டொக்டரைப் பார்க்குமுன் நில்மினி மிஸ் என்று ஒரு நர்ஸ் பிள்ளை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து பிரஷர் பார்த்து, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா, உடம்பில் ஏதாவது கோளாறு தெரிகிறதா என்று விசாரிக்கும். சிங்களப் பிள்ளை, ஆனால் கவர்ன்மென்ட் வகுப்பில் தமிழ் படித்து வந்து தமிழ் ஆட்களோடு தமிழிலேயே பேச வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அம்மாவுக்கு அதனாலேயே அந்தப் பிள்ளை மேல் கொள்ளைப் பிரியம். என்னைக் கண்டால் தாத்தா என்று கூப்பிடும், சிங்களத்தில் அது அப்பா என்று எனக்குத் தெரியும், நம் பாஷையில் அதற்கு வயது கூட என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிற காலம் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, அந்த நாட்களில் நம் வீட்டில் கதிரை, கட்டில், அலுமாரி எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் துணிதான், நான் உட்கார்ந்து டீ குடிக்க இடம் தேட வேண்டும். காலையிலிருந்து அம்மா கால் மெஷினை மிதித்துத் தைப்பாள். மோட்டார் பூட்டித் தருகிறேன் என்றால் மோட்டார் வேகத்துக்கு என் கை ஓடாது என்பாள். ஒருநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அடுத்த நாள் சமையல் குசினிப் படியில் ஏறுவதற்குச் சுவரைப் பிடித்தாள். கிளினிக்கில் சொல்லு என்றேன். மெஷின் மிதிக்கிறவளுக்குக் கால் வலிக்காம காதா வலிக்கும் என்று என்னையே மடக்கிவிட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இதற்கிடையில் ராஜலிங்கத்தின் வீட்டு ஜம்போலா மரம், அதுதான் அந்தப் பெரிய பப்ளிமாஸ், காய்த்துக் கொட்டியது. ஜம்போலா கொழுப்பை வெட்டும் அக்கா என்று அவன் சொன்னதுதான் தாமதம், அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு நாளைக்கு ஒரு முழுப் பழம் என்று தீர்க்கத் தொடங்கினாள். மாத்திரையும் கொழுப்பை வெட்டுகிறது, பழமும் வெட்டுகிறது, ரெண்டும் சேர்ந்து நன்றாக வெட்டட்டும் என்று நானே பழத்தை உரித்தும் கொடுத்தேன்.

பிறகு ஒரு காலையில் சோறு போட்டுக்கொண்டே, என்னங்க, ரெண்டு நாளா ஒன்னுக்கு பால் ஊத்தாத பிளேன்டீ நெறத்துல போகுது, பீட்ரூட் தின்னதுனாலயா இருக்கும் என்று ஏதோ மழை வரும்போல இருக்கு என்பது மாதிரி சொன்னாள். நாங்கள் பீட்ரூட் சமைத்து மாதமாகிறது மகள். கையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் திரீவீலரைக் கூப்பிட்டேன். வாசல் படி இறங்க அவளுக்குக் கால் வரவில்லை. நானும் ராஜலிங்கமும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் ஏற்றினோம். அந்த நேரத்திலும் நாளைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைக்குக் கொலர் வைக்கவில்லை என்று அவள் புலம்பிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து டொக்டர் சொன்னது இதுதான். லட்சத்தில் யாரோ சிலருக்கு இந்த மாத்திரை தசையை அரிக்குமாம், அரிபட்ட தசை இரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கப் பார்க்குமாம், அதுதான் அந்தப் பிளேன்டீ நிறம். ஜம்போலாவைப் பற்றிச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வகைப் பழங்கள் மாத்திரையை உடம்பை விட்டு வெளியேற விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மாத்திரை போட்டால் இரண்டு மூன்று போட்ட மாதிரி ஆகிவிடலாம், அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சேர்ந்திருக்கலாம் என்றார். மாத்திரையை நிறுத்தி சேலைன் ஏற்றினார்கள். வார்ட்டில் இருந்த நர்ஸ் மிஸ்மார் குடிக்கிற தண்ணீரையும் அளந்து போகிற தண்ணீரையும் அளந்து நிறம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களில் நான் உன் அம்மா இல்லாத வீட்டில் மெஷின் சத்தம் இல்லாமல் எப்படி இருப்பது என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். நல்ல காலம், கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறம் வெளுத்த அன்று ஒரு மிஸ் வந்து, அம்மாட டீ இப்ப தண்ணி ஆயிட்டது என்று சிரித்துக்கொண்டு சொன்னது, அதைவிட நல்ல செய்தி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. ராஜலிங்கம்தான் பாவம், ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது யாராவது ஜம்போலா கேட்டால் கிளினிக் போறீங்களா, என்ன மாத்திரை போடுறீங்க என்று விசாரணை நடத்திவிட்டுத்தான் மரத்தில் கை வைக்கிறான்.

வீட்டுக்கு வந்து கால் கொஞ்சம் தேறியதும் திரும்பக் கிளினிக்குக்குப் போனோம். இந்த முறை வராந்தாவில் நிற்க முடியாது என்று நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். நில்மினி மிஸ்ஸுக்கு முகம் வாடிப்போயிருந்தது. என்னிடம் சிங்களத்தில், தாத்தா, நான் ஒவ்வொரு தரமும் அம்மாவிடம் தசை நோகிறதா என்று கேட்டேன், ஒவ்வொரு தரமும் இல்லை இல்லை என்றுதான் சொன்னார் என்றது. இதை நான் தமிழில் சொன்னதும் அம்மாவுக்கு வந்ததே கோபம். இந்த மிஸ் ஒருநாளும் என் காலப் பத்திக் கேக்கவே இல்ல, சாப்பாட்டப் பத்தித்தான் கேட்டுச்சு, சாமி மேல சத்தியமா நான் பொய் சொல்லல என்றாள். ஒருத்தி கேட்டேன் என்கிறாள், ஒருத்தி கேட்கவில்லை என்கிறாள், நடுவில் நான் இரண்டு பாஷையிலும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். கடைசியில் நான் அந்தப் பிள்ளையிடம், தமிழில் என்ன வார்த்தை போட்டுக் கேட்டீர்கள், அதை அப்படியே ஒரு தரம் சொல்லுங்கள் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, அம்மா, இறைச்சி நோவா என்று கேட்டது.

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது மகள். சிங்களத்தில் நாம் தின்கிற இறைச்சிக்கும் மஸ் என்றுதான் பெயர், நம் உடம்பில் உள்ள தசைக்கும் மஸ் என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் தலை நோ, வயிற்று நோ என்று படித்த பிள்ளை, மஸ் என்பதற்குத் தமிழ் தேடி இறைச்சியைக் கண்டுபிடித்து நோவோடு சேர்த்துவிட்டது. நாமோ வலி என்போம், நோ என்று நம் வீட்டில் யார் சொன்னார்கள், அம்மாவுக்குத் தெரிந்த நோ இங்கிலீஷ் நோ ஒன்றுதான். இறைச்சியை விட்டாயிற்றா என்று மிஸ் அக்கறையாகக் கேட்கிறது என்று நினைத்து, நோ மிஸ், சுத்தமா நோ என்று ஒவ்வொரு மாதமும் தலையை ஆட்டிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு தரம் அந்தப் பிள்ளை விடாமல், கொஞ்சமும் இல்லையா என்று கேட்டிருக்கிறது. அம்மாவுக்கு மனசாட்சி உறுத்தி, தீபாவளிக்கு மட்டும் கொஞ்சம் மிஸ் என்று ஆட்டுக்கறியை ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு அந்தப் பிள்ளை, பண்டிகைக்கு வேலை கூடத்தானே, அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறது. இதை நான் விளங்கப்படுத்தி முடித்ததும் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் நில்மினி மிஸ் சிரிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. அம்மா உடனே அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, நீங்க தமிழ்ல கேட்டீங்களே, அதுவே எனக்குப் பெருசு என்று சொல்லிவிட்டு, தன் கால் மேலேயே அதன் கையை வைத்து, இது கெண்டைக்கால், இது தொடை, சதை வலிக்குதா, கால் அசந்து போகுதா, படி ஏற முடியுதா அப்படிக் கேளுங்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, சட்டென்று எழும்பி வெளியே பெஞ்சில் இருந்த ஆட்களிடம் போனது. தமிழ் ஆட்கள் எல்லாரிடமும் இத்தனை நாளும் அதே இறைச்சியைத்தான் கேட்டிருக்கிறது. தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த பெரியதம்பி என்ற மனுஷன், கோழி மட்டும்தான் மிஸ், வேறு ஒன்றும் தொடுவதில்லை என்று மாதா மாதம் பதில் சொன்னவராம். சதை வலிக்குதா என்று கேட்டதும், ஆமா மிஸ், தேயிலைக் கொழுந்துப் பை தூக்குன மாதிரி ரெண்டு தோளும் வலிக்குது, அதுவும் மாத்திரையாலயா என்று வாயைப் பிளந்தார். அவரை உடனே டொக்டரிடம் அனுப்பினார்கள். அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லையாம், ஆனாலும் இரத்தம் பார்த்துவிட்டார்கள்.

இதோடு கதை முடிந்தது என்று நான் நினைத்தேன், முடியவில்லை. தசை நன்றாகத் தேறிய பிறகு டொக்டர் வேறு வகை மாத்திரை ஒன்றைச் சின்ன அளவில் எழுதிக் கொடுத்தார். இதைப் போடாமல் இருந்தால் ஸ்டென்ட் வைத்த குழாய் திரும்ப அடைக்கலாம், அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, சதை வலித்தாலோ நிறம் மாறினாலோ அன்றைக்கே வாருங்கள் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். அம்மா மாத்திரையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். போட மாட்டாளாம். நான் கெஞ்சினேன், கோபித்தேன், ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன், ராத்திரிக்கு நானே பசி தாங்காமல் சோற்றுப் பானையைத் திறந்ததில் அந்த மரியாதையும் போய்விட்டது. நெஞ்சு வலி வந்தா ஒரேயடியாப் போயிருவேன், கால் போனா உங்க கையப் பாத்துக் கதிரையில கெடக்கணும், மெஷினத் தொட முடியாம கெடக்குறதுக்கு அது தேவலாம் என்றாள்.  நீ ஒரேயடியாகப் போனால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். முழுங்குறது நீங்க இல்லியே, ஒங்களுக்குச் சொல்றது லேசு என்றாள். 

தனியாகக் கிளினிக்குக்குப் போய் நில்மினி மிஸ்ஸிடம் முறையிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது சரி, தாத்தா கடைசியாக எப்போது கொலஸ்ட்ரோல் பார்த்தீர்கள் என்றது. எனக்கென்ன, நான் மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் பார்த்துக் கண்டி மேடு பள்ளமெல்லாம் நடந்தே தேய்ந்தவன், ஒல்லியான ஆள், எனக்கு எங்கே கொழுப்பு என்றேன். ஒல்லி என்று இரத்தத்துக்குத் தெரியாது என்று சொல்லிச் சீட்டெழுதிக் கையில் கொடுத்துவிட்டது. முடிவு வந்தது மகள். அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தபோது இருந்ததைவிட எனக்குக் கூட. பிரஷரும் இருக்கிறது, அப்பா வழியில் இருதய வருத்தமும் இருக்கிறது, மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்று டொக்டர் அம்மாவுக்குப் புதிதாகக் கொடுத்த அதே மாத்திரையை எனக்கும் எழுதினார். நான் வீட்டுக்கு வந்து பெருமையாக எதையும் சொல்லவில்லை, அம்மாவே பையைத் திறந்து பெட்டியைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு மீன் கழுவப் போனாள். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கை வாய்க்குப் போகவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுப் பேப்பரில் தசை, ஈரல் என்று எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கியது, மாத்திரை இன்னும் என் கையில்தான் இருக்கிறது. படியில் கால் வராமல் நின்ற அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இத்தனை நாளும் நான் அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் பயந்து போயிருந்தாள் என்பது என் கையிலும் மாத்திரை வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பயமா இருக்கு சந்திரிகா என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளிடம் நான் அப்படிச் சொன்னதில்லை.

அவள் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து தன் மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்பத்தான் எனக்குத் தைரியமா இருக்கு, வாங்க, சேந்தே போட்டுக்குவோம், ஒருத்தர் கால ஒருத்தர் பாத்துக்குவோம் என்றாள். நான் முதலில் விழுங்கினேன். நான் ஏமாற்றுகிற ஆள் என்று அவளுக்குத் தெரியும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அதற்குப் பிறகு தன்னுடையதை வாயில் போட்டு என் தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, புரையேறிவிட்டது என்று சமாளித்தேன். அவளும் நம்பின மாதிரி முதுகைத் தட்டிவிட்டாள்.

இப்போது தினமும் அப்படித்தான் நடக்கிறது. காலையில் எழும்பியதும் சதை வலிக்குதா என்று அவள் என்னைக் கேட்பாள், நான் அவளைக் கேட்பேன், நிறம் எப்படி என்றும் கேட்டுக்கொள்வோம், புதுப் பெண்டாட்டியும் புருஷனும் பேசுகிற பேச்சா இது என்று ராஜலிங்கம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிக்கிறான். போன வாரம் இருவருக்கும் இரத்தம் பார்த்தார்கள், தசையும் ஈரலும் நன்றாக இருக்கிறதாம், அம்மாவின் கொலஸ்ட்ரோல் இறங்கிக்கொண்டு வருகிறதாம். தேங்காய்ப்பாலைக் குறைத்துத் தண்ணிக் குழம்பு வைக்கிறாள், எனக்கு வடை மாதத்தில் ஒருநாள்தான், அந்த ஒருநாளை நான் கலண்டரில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எந்தக் கடையில் என்ன மருந்து வாங்கினாலும் நாங்கள் இந்த மாத்திரை போடுகிற ஆட்கள் என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நில்மினி மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறது, சொல்கிறோம். அம்மா திரும்பவும் மெஷின் மிதிக்கிறாள், முன்னைப் போல நாள் முழுக்க இல்லை, காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்து கொஞ்சம். இதை எழுதும்போதும் உள்ளே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நீயும் மருமகனும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, சின்னக்குட்டியை நல்ல தமிழ் பேச வைத்து, நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் சந்தோஷமாக வாழ வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் என்றும் உங்கள் தலைமேல் இருக்கும். கடைசியாக ஒரு விஷயம், இதை மட்டும் மறக்காதே மகள். அடுத்த லீவு நாளில் நீ போய் இரத்தம் பார்த்துக்கொள். அம்மா வழியிலும் இருக்கிறது, அப்பா வழியிலும் இருக்கிறது, உனக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடத்தான் என்று பாடசாலையில் உன் டீச்சர்மார் எல்லாரும் சொன்னதை நாங்கள் அப்போது நம்பவில்லை. ஒல்லியாக இருக்கிறேன் என்று சொல்லித் தப்பப் பார்க்காதே, அந்தப் பேச்சை உனக்கு முன்னால் நானே பேசிப் பார்த்துவிட்டேன். மாத்திரை போட வேண்டும் என்று சொன்னால் பயமாகத்தான் இருக்கும், அப்போது தனியாக உட்கார்ந்து பேப்பர் வாசிக்காதே, இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனை எடு, உங்கள் நேரத்துக்கு நாங்கள் கொஞ்சம் பிந்தி விழுங்குகிறோம், மூன்று பேரும் சேர்ந்தே போட்டுக்கொள்வோம்.

என்றும் உன் மேல் உயிராய் இருக்கும்
அப்பா
சி. பொன்னையா